நார்ப் கோச் ஆன குளிர்காலம்

என் கணவன் நார்ப் கோச் வேலையை ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஆசை இல்லை, அசதி. அணியின் முதலாளி வின்ஸ் ஃபெரான்டே அவனைத் தன் மரச்சாமான் கடைக்குக் கூப்பிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த சோபா ஒன்றில் உட்காரவைத்து, "இனிமே நீதான் பாத்துக்கணும்" என்றாராம். பழைய கோச் கிளைவ், நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த மறுநாள், ஃபுளோரிடாவில் வேறு வேலை கிடைத்துவிட்டதென்று ஃபோனில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

"மாட்டேன்னு சொல்லணும்னா காரணமெல்லாம் சொல்லணும் ஜெரி. அந்த சோபா வேற மெத்துனு இருந்துச்சு. சரின்னுட்டேன்" என்றான் நார்ப், வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

அப்போது அவனுக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது. எண்பத்தாறு முடிந்து எண்பத்தேழு பிறந்த குளிர்காலம். ஈரி என்ற எங்கள் ஊரில் ஒரே பங்குக் கோயில் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அதனால்தான் என் வாயில் அவன் இன்னும் 'அவன்'. உள்ளரங்கக் கால்பந்து அவனுக்குத் தொழில். தொழில் என்றால் இலையுதிர் காலத்திலிருந்து ஈஸ்டர் வரைக்கும்தான். அதிலும் அது பாதித் தொழில். விடிவதற்கு முன்பே ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக இறக்கிவிட்டு, அதே காலோடு பயிற்சிக்குப் போவான். ஹாக்கி அரங்கில் பனிக்கட்டியின் மேல் பலகை அடுக்கி, அதற்கு மேல் பச்சைக் கம்பளம் விரித்திருப்பார்கள். கீழே இருந்து குளிர் ஏறும்; விழுந்தால் கம்பளம் தோலை வாங்கிக்கொள்ளும். சீசன் ஆரம்பித்துவிட்டால் எங்கள் மெத்தையில் நான் பழுப்பு நிற விரிப்பு மட்டும்தான் போடுவேன். வெள்ளை போட்டால் காலையில் அது வெள்ளையாக இருக்காது.

அதுவரை பின்வரிசையில் நின்று பந்தை மறிப்பதோடு அவன் வேலை முடிந்தது. கோச் ஆனதும் எல்லாம் அவன் தலையில் விழுந்தது. யாரை எப்போது உள்ளே விடுவது, யாரை வெளியே எடுப்பது; எந்த ஊரில் எந்த மோட்டலில் யாரோடு யார் படுப்பது; அணியில் இருந்த போஸ்னியாக்காரன் சிகரெட் பிடிப்பதால் பேருந்தில் அவனை எங்கே உட்காரவைப்பது. ஆட்டத்தின் நடுவே தானும் ஓடி, மூச்சு வாங்க பெஞ்சுக்கு வந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அடுத்து போகவேண்டியவர்களின் பெயரைக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தால் குரலே இருக்காது. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவான்.

என் தம்பி பெர்னிதான் அந்த அணியின் கோல்கீப்பர். மனைவி பிரிந்துபோன பிறகு எங்கள் வீட்டின் கீழ்த்தள அறையில் தங்கியிருந்தான். நல்ல வாய்க்காரன். வாடகை என்ற பெயரில் பாத்திரம் கழுவுவான். கழுவும்போது நார்ப்பைச் சீண்டுவான். நார்ப்பும் விடமாட்டான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் ஒரே அணி. சொல்லப்போனால், நார்ப்பை என் வீட்டுக்கு முதலில் கூட்டி வந்தவனே பெர்னிதான்.

முந்தின சீசனில் கையெட்டும் தூரத்திலிருந்து உதைத்த பந்து ஒன்று பெர்னியின் முகத்தில் பட்டு, கன்னத்து எலும்பு முறிந்தது. அறுவை செய்து, உள்ளே தகடு வைத்து, கோடை முழுக்க உறிஞ்சுகுழலில் சூப் குடித்தான். மறுபடி அரங்குக்குள் அவன் ஓடி வந்த அன்று, விளக்கை அணைத்து, புகை விட்டு, பெயரை இழுத்து இழுத்துச் சொன்னார்கள். ஊரே எழுந்து நின்று தட்டியது. நானும் தட்டினேன்.

டிசம்பரில் தோற்க ஆரம்பித்தோம். இந்த ஆட்டத்தில் ஒன்பதுக்கு ஏழு, எட்டுக்கு ஆறு என்று கோல் விழுவது சகஜம். பந்து வெளியே போகாமல் சுவரில் மோதி மோதித் திரும்பி வரும் ஆட்டம். அதனால் யாரும் கோல்கீப்பரைக் கைகாட்டவில்லை. ஆனால் நான் பல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். கதவு திறந்து உள்ளே கூப்பிடும் நேரத்தில் மனிதர்களின் முகம் எப்படி மாறும் என்று தினமும் பார்க்கிறேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் தம்பியைப் பார்த்தபோது, அதே முகம். யாராவது காலை ஓங்கினால் போதும். பந்து கிளம்பும் முன்பே அவன் தாடை தோள்பக்கம் திரும்பியது.

நார்ப்பிடம் நான் சொல்லவில்லை. அவனும் என்னிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் முழுக்க அதைச் சொல்லாமலே பியரோகிக் கொழுக்கட்டை தின்றோம்.

ஜனவரியில் ஏரியிலிருந்து பனி வந்து ஊரை மூடிய ஒரு சனிக்கிழமை காலை, நார்ப்பும் பெர்னியும் எங்கள் வீட்டு வண்டிப்பாதையில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நான் காரின் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"பெர்னி, நாளைக்கு நீ ஆடல" என்றான் நார்ப்.

"சரி. ஓய்வா?"

"ஓய்வில்ல. செயின்ட் லூயிஸ்ல இருந்து ஒரு பையன் வரான். கர்ட்னு பேரு. ஃபெரான்டே ஒரு கோல்கீப்பருக்குத்தான் சம்பளம் தருவாராம்."

பெர்னி வெட்டிய பனியைத் தூக்கி எறிந்தான். இன்னொரு தடவை வெட்டினான். "எதுக்குன்னு சொல்லேன்."

"முகத்தைத் திருப்பற."

"எவன் சொன்னான்?"

"நான்தான் சொல்றேன்."

"நீ எனக்கு முன்னாடி நிக்கறவன்டா. உன் முதுகுல கண்ணா இருக்கு?"

"கண்ணு வேணாம் மச்சான். முன்னெல்லாம் பந்து வர்றப்ப பின்னாலேர்ந்து கத்துவ. இடது, வலது, விடு, என்னோடது, நகர்றா தடியான்னு. உன் வாய் ஓயாது. இப்ப எவனாவது உதைக்க வந்தா பின்னால சத்தமே இல்ல. மூச்சுகூட விடறதில்ல நீ."

பெர்னி என்னைப் பார்த்தான். "அக்கா, நீயும் அப்படித்தான் நினைக்கறியா?"

நான் கண்ணாடியைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

அவன் எங்கள் பாதையை முடித்தான். பிறகு பக்கத்து வீட்டுப் பாதையில் இறங்கினான். அதையும் முடித்து அதற்கடுத்த வீட்டுக்குப் போனான். அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து காபி வேண்டுமா என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது. நார்ப் மண்வெட்டியை ஊன்றி நின்று, "உள்ள போ ஜெரி, காது சிவந்துபோச்சு" என்றான்.

பெர்னி வீட்டை விட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. எங்கே போவான்? ஒவ்வொரு சாயங்காலமும் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பன்றி இறைச்சி வறுவலும் புளித்த முட்டைகோஸும் வைத்தால், "நல்லா இருக்குக்கா" என்று என்னிடம் சொல்வான். எதிரில் இருப்பவனிடம் பேச்சு இல்லை. பாத்திரம் மட்டும் முன்னைவிடச் சுத்தமாகக் கழுவினான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆட்டத்துக்கும் வர ஆரம்பித்தான். கோலுக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசையில் உட்கார்ந்து கர்ட்டை வாயால் வறுத்தெடுத்தான். கர்ட்டுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது; பொன்முடி, மெல்லிய மீசை.

"தம்பி, அது பந்துடா. பயப்படாத, கடிக்காது."

"கையுறை போட்டிருக்கியே, அது குளிருக்கா?"

"உங்க ஊர்ல வெறும் கம்பத்துக்குக் கோட்டு மாட்டி கோல்ல நிக்கவைப்பாங்களோ?"

சுற்றி இருப்பவர்கள் சிரித்தார்கள். கர்ட் காது வரை சிவந்தான். இடைவேளையில் நார்ப்பிடம் போய், "அந்த ஆள் யாருங்க?" என்று கேட்டானாம். "என் மச்சினன்" என்று நார்ப் சொன்னானாம்.

வீட்டில் நார்ப் என்னிடம் வந்தான். "நீ கொஞ்சம் அவன்கிட்ட சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

"அணிக்கு நல்லதில்ல ஜெரி."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடற தபால்காரி நான் இல்ல. அவன் கீழதான இருக்கான்? பதிமூணு படி. இறங்கிப் போய்ச் சொல்லு."

அவன் படியின் மேல் போய் நின்றான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று நினைத்தானோ என்னவோ, திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தான். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். கையில் அவிழ்த்த ஷூ.

பிப்ரவரியில் பெர்னி வருவது தானாகவே நின்றது. கிழக்குத் தெருவில் இருக்கும் பௌலிங் அரங்கில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பந்தை உருட்டி வீழ்த்திய பத்துப் பத்துக் கட்டைகளை நிமிர்த்தி வைக்கும் இயந்திரங்கள் அங்கே வரிசையாக இருக்கும்; அவை சிக்கிக்கொண்டால் பின்னால் போய் எடுத்துவிட வேண்டும். உடம்பெல்லாம் எண்ணெயாக வந்தான். வாயில் சீட்டி வேறு. நல்ல நாளிலேயே பெர்னி சீட்டி அடிப்பவன் இல்லை.

நாங்கள் ஒரு ஆட்டம் ஜெயித்தோம், ஒரு ஆட்டம் தோற்றோம். கர்ட் நன்றாகத்தான் ஆடினான். மார்ச் நடுவில் கணக்கு இப்படி வந்து நின்றது: கடைசி ஞாயிற்றுக்கிழமை டேட்டன் அணியை ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் சீசன் முடிந்தது. வியாழக்கிழமை பயிற்சியில் கர்ட்டின் சுண்டுவிரலும் அடுத்த விரலும் கோல் கம்பத்துக்கும் பந்துக்கும் நடுவே மாட்டி முறிந்தன. வேறு கோல்கீப்பர் இல்லை.

"பெர்னியப் போய்க் கேக்கப்போறேன்" என்றான் நார்ப். "நீயும் வா."

"நான் எதுக்கு?"

"சும்மா நில்லு போதும்."

இறைச்சி தின்னாத தவக்கால வெள்ளிக்கிழமை, பௌலிங் அரங்கு முழுக்கப் பொரித்த மீன் வாசனை. பெர்னி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இயந்திரங்களின் பின்னாலிருந்து வந்தான். காலணி வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் இருந்த மார்ஜ் என்ற பெண் எங்கள் மூவருக்கும் காபி ஊற்றினாள். அவனுக்கு மட்டும் கேட்காமலே சர்க்கரை போட்டாள். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

நார்ப் சுற்றி வளைக்கவில்லை. "கர்ட்டுக்கு விரல் போச்சு. ஞாயித்துக்கிழமை வரியா?"

"கேள்விப்பட்டேன். பாவம்."

"பாவமா? நீதான அவனை அந்தப் பாடு படுத்தின."

"அது வேற. வலிக்கணும்னு நினைக்கல." பெர்னி காபியைக் குடித்தான். "வரல மச்சான்."

"கோபமா?"

"கோபம் இருந்துச்சு. பிப்ரவரி வரைக்கும் இருந்துச்சு. இப்ப இல்ல. அப்பறம் நீ சொன்னது நிஜம்தான். ஆட்டத்தன்னிக்குக் காலையில அக்கா வைக்கற முட்டையப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டிருக்கேன்." சொல்லிவிட்டு இயந்திரங்கள் பக்கம் தலையை ஆட்டினான். "இங்கயும் பந்து என்னைப் பாத்துத்தான் வருது. ஆனா எனக்கு முன்னாடி பத்து பேர் நிக்கறாங்க. ஒருத்தனும் நகர்றதில்ல. அவனவன் விழற வரைக்கும் நின்ன இடத்துலயே நிக்கறான். உன்னை மாதிரி பின்வரிசை இல்ல இது."

நார்ப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிப்போனது. "அப்ப யாருடா நிப்பா?"

"நீதான். வேற எவன் இருக்கான்?"

கடைசி நிமிடங்களில் தோற்றுக்கொண்டிருந்தால் கோல்கீப்பரை எடுத்துவிட்டு, அவன் சட்டையை இன்னொரு ஆட்டக்காரனுக்கு மாட்டி முன்னால் ஓடவிடுவார்கள். அந்தச் சட்டையை நார்ப் பலமுறை போட்டிருக்கிறான். ஆனால் அது கோல் அடிக்க. கோலில் நிற்க அல்ல. காரில் வீடு திரும்பும்போது, "தோத்தாலும் ஒண்ணும் மோசமில்ல" என்றான். ரொம்ப தூரம் போனபிறகு, "திங்கக்கிழமை தூங்கலாம்" என்றான். தோற்க வேண்டுமென்று அவன் நினைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெயிக்க வேண்டுமென்று நினைக்கவும் அவனிடம் தெம்பு இல்லை.

ஞாயிறு மதியம் அரங்கு நிரம்பிவிட்டது. கோச்சே கோலில் நிற்கப்போகிறார் என்று வானொலியில் சொல்லிவிட்டார்களாம். கர்ட்டின் கையுறை சின்னதாகிவிட, பெர்னி தன்னுடையதை என்னிடம் கொடுத்தனுப்பினான். பிறகு தானும் வந்து, கோலுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் பந்து நார்ப்பின் கால்களுக்கு நடுவே உள்ளே போனது. இரண்டாவதை அவன் பார்க்கவேயில்லை; சுவரில் பட்டுத் திரும்பி முதுகுப்பக்கமாக வந்தது. பெர்னி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டேட்டன்காரன் எவனாவது காலை ஓங்கினால் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்று நம் பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். பின்னால் நிற்பவன் கோல்கீப்பர் இல்லை என்று தெரிந்ததால், பந்தை அந்தப் பக்கம் வரவிடக் கூடாது என்று பாய்ந்து பாய்ந்து விழுந்தார்கள். போஸ்னியாக்காரன் மட்டும் மூன்று கோல் அடித்தான். ஐந்துக்கு நான்கு என்று நாங்கள் முன்னால் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில், டேட்டனின் உயரமான ஆள் ஒருவன் நார்ப்புக்கு நேர் எதிரே தனியாக வந்து நின்றான். ஓங்கி உதைத்தான். பந்து நார்ப்பின் கழுத்தில், காதுக்குக் கீழே பட்டு, கம்பத்துக்கு மேலே எழும்பிக் கண்ணாடியில் மோதியது. நார்ப் மரம் மாதிரி விழுந்தான். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. அரங்கு முழுக்கத் தலைகால் புரியாத கூச்சல்.

பெர்னி மெல்ல என் பக்கம் சாய்ந்தான். "திருப்பிட்டான்" என்றான்.

ஆமாம், நானும் பார்த்தேன். முகத்தைத் திருப்பியிருக்காவிட்டால் அந்தப் பந்து கழுத்தில் பட்டிருக்காது.

உடைமாற்றும் அறையில் பீர் பீய்ச்சினார்களாம். நார்ப் அதற்கு நடுவில் துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று கர்ட் பிறகு சொன்னான். ஃபெரான்டே வந்து தோளைத் தட்டி, "பிரமாதம்" என்றாராம். வீட்டுக்குப் பெர்னிதான் காரை ஓட்டினான். நான் முன்னால், நார்ப் பின்னால் கழுத்தில் பனிக்கட்டிப் பையோடு சாய்ந்திருந்தான். ஏரிப்பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"பெர்னி."

"சொல்லு."

"கடைசிப் பந்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் பாக்கல."

சிக்னலில் நின்றோம்.

"உன்னை அனுப்பினது தப்புன்னு சொல்ல வரல" என்றான் நார்ப்.

"சொல்லிடாத. சொன்னா இங்கயே இறக்கி விட்டுடுவேன்."

"ஆனா அன்னிக்குச் சொன்ன விதம் இருக்கே. என்னமோ நானா இருந்தா நெஞ்ச நிமித்தி நிப்பேங்கற மாதிரி."

"ஆமா. கொஞ்சம் பெரிய இவன் மாதிரிதான் இருந்துச்சு."

"முதல் பந்துலயே திருப்பிட்டேன்டா. கழுத்து தானா திரும்புது. நான் சொல்லி நிக்கல."

"நிக்காது" என்றான் பெர்னி. பச்சை விழுந்தது. "எனக்கும் நிக்கல."

ஜெயித்ததால் சீசன் முடியவில்லை. அதுதான் அந்த ஜெயிப்பின் கஷ்டம். அடுத்த சுற்றுக்கு லூயிவில்லுக்கு நாள் முழுக்கப் பேருந்து, அங்கே அந்த ஊர் அணியிடம் ஓர் அடி வாங்கினோம். திரும்பி வந்து இங்கே ஓர் அடி. இரண்டிலும் நார்ப்தான் கோலில் நின்றான். எத்தனை கோல் வாங்கினான் என்று கேட்டால் இன்றைக்கும், "ஸ்கோர்போர்டு என் பின்னால இருந்துச்சு" என்பான். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஆட்கள் வந்து கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அவன் குனிந்து கையுறையைப் பொறுக்கிக்கொண்டு, வழியில் நிற்காமல் ஒதுங்கி நடந்தான்.

அடுத்த வருஷமும் கோச்சாக இருந்தான், ஆனால் ஆடவில்லை. அதற்கடுத்த வருஷம் ஃபெரான்டே அணியை வேறு ஊர்க்காரருக்கு விற்றுவிட்டார். நார்ப் ரொட்டி வண்டியை முழுநேரமாக எடுத்துக்கொண்டான். பெர்னி எண்பத்தேழு கோடையிலேயே மார்ஜ் வீட்டுக்குக் குடிபோனான், நான் எதிர்பார்த்ததுதான்.

ஆனால் நார்ப் கோலில் நின்ற அந்த வருஷத்து ஈஸ்டரைச் சொல்ல வேண்டும். புனித சனிக்கிழமை, முட்டையும் வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டியும் வைத்த கூடையை மந்திரிக்கக் கோயிலுக்கு எடுத்துப் போக நார்ப்பை எழுப்பினேன். எழவில்லை. நானே போய் வந்தேன். ஞாயிறு காலைப் பூசைக்கும் எழவில்லை. மதியம் பெர்னி மார்ஜைக் கூட்டிக்கொண்டு கையில் கீல்பாசா சாசேஜோடு வந்தான். படுக்கையறைக் கதவை ஒரு விரலால் தள்ளி எட்டிப் பார்த்தான்.

"உசுரோட இருக்கானா?"

"மூச்சு வருது. காலையில பாத்தேன்."

"எழுப்பட்டுமா?"

"வேணாம்" என்றேன்.

அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். நார்ப்புக்கு எடுத்து மூடி வைத்தோம். கடைசித் துண்டுக் கீல்பாசாவை அவன் தட்டிலிருந்து பெர்னி எடுத்துத் தின்றுவிட்டான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.